அவர் பெயரில் நான் போட்ட பதிவு

களப்பணிக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பயிற்சியின் கடைசி நாளில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வந்து தன் அனுபவங்களைச் சொல்வது இங்கே வழக்கம். இந்த முறை வரவேண்டியவருக்கு உடம்பு சரியில்லையாம், என்னைக் கேட்டார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. நாலு வருஷம் இந்த வேலையைப் பார்த்துவிட்டு விலகியவள். ஓய்வு பெற்றவர் நாற்காலியில் உட்கார எனக்கு என்ன தகுதி என்று கேட்டேன். "உனக்கு நடந்தத சொல்லு, போதும்" என்றார்கள். மேடையில் நின்று பேசினால் பாதியிலேயே இறங்கிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் ஒருவர் சத்தமாக வாசித்துவிடுங்கள்.

யானைக் கணக்கும் தந்த வேட்டையும் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். நம் காட்டில் ஆண் யானைக்குத்தான் பெரிய தந்தம், அதிலும் எல்லா ஆணுக்கும் இல்லை. தந்தத்துக்காகச் சுடுகிறவன் கூட்டத்தைத் தொடுவதே கிடையாது. வளர்ந்த கொம்பனாகப் பார்த்துத் தேடி எடுக்கிறான். மேலோட்டமாக எண்ணிப் பார்த்தால் யானைகள் அப்படியேதான் இருக்கும். கூட்டத்தில் குட்டி குறைகிறதே என்று நாம் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும். இதை நான் தேர்வில் ஒரு பக்கத்துக்கு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் திண்டுக்கல் நாகல் நகர்க்காரி. அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள். காட்டுயிரியல் படித்த சூட்டோடு இந்தத் திட்டத்தில் தகவல் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். மலையடிவாரத்தில் ஆயக்குடியைச் சுற்றியுள்ள கொய்யாத் தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் யானை இறங்கும். இறங்கினால் ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மனிதரும் சாகக்கூடாது, மின்வேலியில் பட்டு யானையும் சாகக்கூடாது. அதுதான் திட்டம்.

அந்தப் பகுதிக்கு ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒப்பந்த வேலை. பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை நான் ஏற்கெனவே ஒருமுறை தப்பாகப் பயன்படுத்திவிட்டேன்.

அவர் முறை எளிமையானது. யானை எந்தத் தோப்போரம் நிற்கிறதோ அந்தத் தோப்புக்காரர், பக்கத்துத் தோப்புக்காரர், அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் என்று நாலைந்து பேருக்கு மட்டும் போன் போடுவார். "பெரியவரு இருக்காருங்க. இன்னைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாங்க." அவ்வளவுதான். ஒன்றா எட்டா, ஆணா பெண்ணா, கொம்பு உண்டா இல்லையா, எதுவும் சொல்லமாட்டார். எல்லா யானையும் பெரியவர்தான். அவர் மட்டுமல்ல, அந்த அடிவாரத்துக் காவலர்கள் யாருமே 'கொம்பன்' என்ற சொல்லை வாக்கிடாக்கியில்கூட உச்சரிக்கமாட்டார்கள்.

எனக்கு அது பழைய பஞ்சாங்கமாகப் பட்டது. போன் போட்டு எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்? நான் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். டீக்கடை, சந்தை, பஸ் ஸ்டாண்ட் எல்லா இடத்திலும் சுவரொட்டி. அதில் இருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்தால் போதும், யாரும் சேரலாம். ஆட்கள் சேரச்சேர எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து ஒரு செயலி. காவலர்கள் அதில் இடம், எண்ணிக்கை, வகை, நிலை என்று பதிந்தால், பதிந்தவர் பெயரோடு அது நேராகக் குழுவுக்குப் போய்விடும். அடிவாரத்தில் இணையம் சரியாகக் கிடைக்காது என்பதால் காவலர்களின் கடவுச்சொற்களை நானே வைத்துக்கொண்டு, அவர்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்லத் திண்டுக்கல் அலுவலகத்தில் உட்கார்ந்து ஏற்றுவேன்.

வகை என்ற கட்டத்தை மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"அண்ணே, எல்லாம் சொல்றீங்க, வகைய மட்டும் ஏன் விட்டுட்டே வாரீங்க?"

"எதுக்குங் மேடம் அது? பெரியவரு வந்துருக்காருன்னா ஒதுங்கிக்கப் போறாங்க. கொம்பு இருந்தா ஒரு மாதிரி, இல்லாட்டி ஒரு மாதிரியுங்களா ஓடப் போறாங்க?"

"அது டேட்டாண்ணே. வேணும்."

"யாருக்குங் வேணும்?"

நான் சிரித்துவிட்டேன். அலுவலகத்தில் எல்லோரிடமும் இதை நகைச்சுவையாகச் சொன்னேன். 'யாருக்குங் வேணும்' என்று அவர் மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது எழுதும்போது முகம் எரிகிறது.

கொய்யாப் பறிப்பு மும்முரமாக இருந்த சமயம். ஒருநாள் அவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு படம் வந்தது. ஓடைக்கரையில் உண்ணிச்செடிப் புதருக்கு நடுவே ஒரு யானை. முன்னங்கால் ஒன்று வீங்கியிருந்தது. உடனே போனும் வந்தது.

"மேடம், நாலு நாளா அங்கியே நிக்கறாருங்க. நடக்க முடியல. டாக்டருக்குக் காட்டிட்டு படத்தை அழிச்சிருங்க. இது உங்களுக்கு மட்டுமுங்க."

கால்நடை மருத்துவருக்கு அனுப்பினேன். பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது, தொந்தரவு செய்யாமல் விடுங்கள், வாரக் கடைசியில் வந்து பார்க்கிறேன் என்றார். அந்த வேலை முடிந்தது. படத்தை நான் அழிக்கவில்லை.

மறுநாள் பிற்பகல் மாதாந்திர ஆய்வுக் கூட்டம். என் திரையில், நிரப்பாத கட்டங்கள் சிவப்பாகத் தெரியும். எல்லாக் காவலர்களின் வரிசையும் பச்சை. அவருடைய வரிசை மட்டும் வகைக்கு நேரே மேலிருந்து கீழ்வரை சிவப்பு. கூட்டத்துக்கு இன்னும் ஒருமணி நேரம் இருந்தது. கையில் படம் இருந்தது, கடவுச்சொல்லும் இருந்தது. அவர் கணக்கில் நுழைந்தேன். பழைய பதிவுகளை எனக்குத் தெரிந்தவரை நிரப்பினேன். கடைசியாக, அவர் ஏற்றச் சொல்லாத அந்த ஓடைக்கரை யானைக்கும் புதிதாக ஒரு பதிவு தொடங்கினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு தந்தமும் முழுசாக, நீளமாக, நுனி லேசாக உள்நோக்கி வளைந்து இருந்தன. எவ்வளவு அழகு என்று நினைத்தேன். தட்டினேன்.

'யானை: 1. வகை: கொம்பன், தனி. இடம்: குளத்துக்கு மேற்கே ஓடைக்கரை. நிலை: கால் வீக்கம், ஐந்து நாட்களாக அதே இடம்.'

அடியில் அவர் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது. வரிசை பச்சையானது. குழுவில் கட்டைவிரல்கள் குவிந்தன. ஒருவர் கேட்டிருந்தார்: 'இன்னும் அங்கியேதான் நிக்குதுங்களா? தோப்புக்குப் போகோணும்.'

என் கணக்கிலிருந்து நானே பதில் போட்டேன். 'ஆமாம், அங்கேயேதான் நிற்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.' கேட்டவர் பொறுப்பான விவசாயி என்று நினைத்துக் கும்பிடும் கை ஒன்றையும் சேர்த்துப் போட்டேன்.

கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள்.

அதற்கு மூன்றாம் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மேடம், பெரியவரைச் சுட்டுட்டாங்க." அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார் காவலர்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஓடைக்கரை முழுக்கக் கூட்டம். போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யானை முகத்தின் மேல் பச்சைத் தென்னை ஓலைகள் பரப்பியிருந்தன. தந்தத்தை வேரோடு எடுப்பதற்காக முகத்தையே வெட்டியிருந்தார்கள். அதை ஊர் பார்த்துப் படம் பிடிக்கக்கூடாது என்று காவலர்தான் ஓலை வெட்டிக் கொண்டுவந்து மூடியிருந்தார். வந்து இறங்கிய ரேஞ்சருக்கு அதைப் பார்த்ததுமே ஆத்திரம்.

"எவன்யா இதைத் தொட்டது? தடயமெல்லாம் போச்சு. நீயா?"

"ஆமாங்கய்யா. எல்லாரும் படம் புடிச்சாங்க, அதான்..."

"நீ யாரு மூடுறதுக்கு?" போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது என்ன? கொம்பன், தனி, கால் வீக்கம். ஊருக்கே பந்திக்கு அழைச்ச மாதிரி போட்டிருக்க. யாருக்காகப் போட்ட? உம் பேருதானே இருக்கு?"

காவலர் போனை வாங்கி வாசித்தார். மெதுவாக, எழுத்துக் கூட்டுகிற மாதிரி வாசித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் அவரிடமிருந்து நாலடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். 'சார், அதைப் போட்டது நான்.' நாலே சொல். மனசுக்குள் என்ன ஓடியது என்று உங்களுக்கு நேர்மையாகச் சொல்கிறேன். பயம் என்று சொன்னால்கூட அதில் ஒரு கௌரவம் இருக்கும். 'இப்போது வேண்டாம், இத்தனை பேர் முன்னால் சொன்னால் குழப்பமாகும், அலுவலகத்துக்குப் போய் விளக்கமாக, முறையாக எழுதிக் கொடுக்கலாம்' என்று ஓடியது. கோழைத்தனம் இப்படித்தான் நிர்வாக மொழியில் வந்து நிற்கும். உங்களுக்கும் வரும்.

"தெரியலைங்கய்யா" என்றார் அவர். அந்தப் படத்தை எனக்கு மட்டும்தான் அனுப்பினார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் பார்வை ஓலை மீதே இருந்தது.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அங்கேயே அவரிடமிருந்து வாக்கிடாக்கியை வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தக்காரர் என்பதால் ஒரு தாள்கூடத் தேவைப்படவில்லை.

திரும்பி வரும் வழியில் ஜீப்பில் உட்கார்ந்து, அவர் அழிக்கச் சொல்லியிருந்த படத்தை அழித்தேன்.

பதினொரு நாள். தினமும் அலுவலகம் போனேன். குழுவை மூடச் சொல்லி உத்தரவு வந்தது, மூடினேன். 'தகவல் பாதுகாப்பு' என்று ஒரு குறிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதினேன், நன்றாகவே எழுதினேன். வீட்டில் அம்மா, "ஏன்டி, அம்புட்டு ஆசையா வெஞ்சனம் வச்சிருக்கேன், தட்டுல கோலம் போட்டுக்கிட்டு இருக்க?" என்று கேட்டார். தலைவலி என்றேன். தினமும் காலையில் 'இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்' என்று கிளம்புவேன். ஒவ்வொரு நாளும் போகப்போக, 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை' என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முதல் நாள் ஒரு தப்புதான் இருந்தது.

எட்டாம் நாள் ஜீப் ஓட்டுநர் வண்டியில் பேச்சுவாக்கில் சொன்னார்.

"அந்தக் காவலரு வீட்டுல ரொம்பக் கஷ்டம் தங்கச்சி. அவரு சம்சாரத்தைப் பறிப்புக்குக் கூப்பிடுறதில்லயாம். தந்தம் வித்த வீட்டுப் பொம்பளைன்னு சொல்றாளுகளாம். தெனம் காலைல கூடைய எடுத்துக்கிட்டு சந்தையில போய் நிக்குதாம் அந்தப் புள்ள. டெம்போ நிக்காம போயிருமாம்."

"அப்படியாண்ணே" என்றேன். அப்படியாண்ணே!

அந்த வாரச் சனிக்கிழமை மாலை மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முழுக்கச் சொன்னேன். சொல்லி முடித்ததும் உடம்பே லேசாகிவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஊருக்குப் புதிதாக வந்த இளம் குருவானவர். குரலைக் கேட்டால் என்னைவிட ரெண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான்.

"இது அந்த மனுசனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் ஃபாதர்."

"அவரைச் சந்தேகப்படுறவங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப எங்கிட்ட ஏம்மா முதல்ல வந்த?"

எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் கோபம் எதற்கு என்று புரிந்தது. யாரிடம் சொன்னால் ஒன்றும் ஆகாதோ அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். அதிலேயே மனசு ஆறிப்போயும் விட்டது.

திங்கட்கிழமை ரேஞ்சர் முன்னால் போய் நின்றேன். உட்காரச் சொல்லாமலே கேட்டார். கடவுச்சொல், படம், கூட்டம், சிவப்புக் கட்டம், பச்சைக் கட்டம், குழுவில் கேட்ட கேள்வி, நான் போட்ட பதில் எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி கேட்ட எண்ணைக் காட்டினேன். குழுவில் அதுவரை நூறு பேர் எதையெதையோ கேட்டிருந்தார்கள். காவலரே துப்புக் கொடுத்தவர் என்று முடிவு செய்துவிட்டதால், அந்த ஒரு கேள்வியை யாரும் நின்று பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து ரேஞ்சரே போன் செய்தார்.

"அந்த நம்பர்ல தோப்பு வச்சிருக்கவன் எவனும் இல்லம்மா. சிம்மு வேற யாரோ ஒரு கிழவி பேர்ல இருக்கு. போனு ஒம்பதாம் நாள் வரைக்கும் உயிரோட இருந்திருக்கு. அதுக்கப்புறம் இல்ல." மறுபடி சொன்னார். "ஒம்பது நாளு. கேட்டுச்சா?"

கேட்டது. தந்தமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. கொம்பன் செத்ததற்கு என் விரல் காரணம். கொன்றவன் தப்பியதற்கு என் வாய் காரணம்.

காவலரை வேலைக்கு எடுத்துக்கொண்டு கடிதம் கொடுத்தார்கள். அதன் நகலை எடுத்துக்கொண்டு நானே அவர் ஊருக்குப் போனேன். பரிகாரம் செய்கிறவளின் மிடுக்கு அப்போதும் கொஞ்சம் இருந்தது என்று நினைக்கிறேன். வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் காற்றை அடித்து முடித்தார்.

"ஏன்ண்ணே அன்னைக்கே சொல்லலை? படத்த எனக்குத்தான் அனுப்புனேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நாஞ் சொன்னா நம்புவாங்களாங்க? நீங்க படிச்சவங்க, ஆபீசுல இருக்கறவங்க." பம்பின் குழாயைச் சுருட்டினார். "அதுவும் போக, நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டு நின்னேனுங்க."

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கடிதத்தைக் காட்டிச் சொன்னார்.

"இது ஆபீசுல சொன்னதுங்க. ஆபீசுல சொன்னது ஆபீசுலயே இருக்கும். எம் பொண்டாட்டி ஆபீசுக்கா பறிப்புக்குப் போறா? காலைல சந்தைக்கு வாங்க. அங்க வந்து சொல்லுங்க."

அன்றிரவு பழனியில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கினேன். காலை ஏழு மணிக்கு ஆயக்குடியில் கொய்யாச் சந்தைக்குப் போனேன். ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. பெட்டிகளும் சாக்குகளும் டெம்போக்களுமாக வழி இல்லை. ஓரத்தில் பறிப்புக்குப் போகிற பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்களிடமிருந்து பத்தடி தள்ளி, இடுப்பில் கூடையோடு ஒருத்தி தனியாக நின்றாள். யாரென்று யாரும் எனக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவர் அவளுக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

முதல் தடவை சொன்னது ஏலச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்தினேன். ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர், "யாருங்க அது, நடுவுல பூந்து?" என்று நிறுத்தினார். சொன்னேன். ரேஞ்சரிடம் நீளமாகச் சொன்னது இங்கே நாலு வரியில் முடிந்துவிட்டது. ஆனையைப் பற்றிக் குழுவில் போட்டது நான். அவர் பெயரில் போட்டேன். அவருக்குத் தெரியாது. கேட்டபோது சொல்லாமல் நின்றேன்.

"அப்ப இவரு தந்தம் விக்கலயா?" என்றது ஒரு குரல்.

"இல்லங்க. அவரு யாருகிட்டயும் சொல்லாம காப்பாத்துனவரு. ஊரெல்லாம் சொன்னது நாந்தான்."

"ஏனுங் அம்மிணி," தராசுப் பக்கம் இருந்த ஒருவர் கேட்டார், "இத்தன படிப்புப் படிச்சது ஆனைக்கு அட்ரஸ் எழுதறதுக்குத்தானுங்களா?"

யாரோ சிரித்தார்கள். சிரிக்காதவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அடுத்த பெட்டி ஏலத்துக்கு வந்தது. சத்தம் மறுபடி எழுந்தது. யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவர் மனைவியிடமும் கேட்கவில்லை. பறிப்பு ஆட்களைக் கூட்டிப்போகிற அம்மா மட்டும் டெம்போவில் ஏறப்போனவர் திரும்பினார். குற்ற உணர்வோ என்னவோ, அதட்டலாகத்தான் வந்தது குரல்.

"ஏம்புள்ள சரசு, நின்னுட்டே இருந்தா ஆச்சா? நேரமாகுது, ஏறு."

அவர் மனைவி கூடையை மேலே கொடுத்துவிட்டு ஏறினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. டெம்போ போய்விட்டது.

நான் அவர் அருகில் போய், "வாரேன்ண்ணே" என்றேன்.

அந்தப் பக்கத்து மனிதர்கள் எப்படி விடை கொடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஆளைக்கூட 'போயிட்டு வாங்க' என்றுதான் அனுப்புவார்கள். நான் எத்தனையோ முறை அவர் வாயால் அதைக் கேட்டிருக்கிறேன்.

"போங்க" என்றார்.

சைக்கிளில் ஏறி அடிவாரத்துப் பக்கம் போனார், வேலைக்கு.

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அடுத்த வாரம் உங்களில் சிலரை அந்தப் பகுதிக்கு அனுப்புவார்கள். உங்களுக்கு டீ வாங்கித் தருவார், தோப்புகளைச் சுற்றிக் காட்டுவார், கிளம்பும்போது 'போயிட்டு வாங்க' என்பார். தயவுசெய்து அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.